புதிய துணைப் பயிற்சியாளர்கள்

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் தலைமைப் பயிற்சியாளரின் நியமனம் தலைப்புச் செய்தியாகிறது. துணைப் பயிற்சியாளர்களின் நியமனமோ இரண்டு வரிகளில் முடிந்துவிடுகிறது. எனக்கு இது பெரும் குறையாகவே படுகிறது.

லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம் 2019இல் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் என்ற தொழில்முறை அணியிலிருந்து ஜோ பிரேடி என்ற இளைஞரைப் பந்தைக் கையால் வீசி முன்னேறும் தாக்குதலை வகுக்க அழைத்துவந்தது. முந்தைய பருவத்தில் 16 டச்டவுன் வீச்சுகளோடு (எல்லைக்கோட்டைத் தாண்டிப் புள்ளி தரும் வீச்சுகள்) நின்ற ஜோ பர்ரோ, தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக்காக அந்தப் பருவத்தில் 60 வீசினார். அணி 15 ஆட்டங்களிலும் வென்று தேசியப் பட்டம் பெற்றது. சிறந்த துணைப் பயிற்சியாளருக்கான ப்ராய்ல்ஸ் விருதைப் பெற்ற பிரேடி, 2020 ஜனவரியிலேயே கரோலினா பாந்தர்ஸ் என்ற தொழில்முறை அணிக்குச் சென்றுவிட்டார். நல்லவரைக் கண்டுபிடிப்பதைவிடத் தக்கவைப்பதே கடினம்.

பயிற்சிக் களத்தில் நுட்பம் கற்பிப்போரின் எண்ணிக்கைக்கு இருந்த வரம்பை கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு 2024இல் நீக்கியதால், ஆட்டங்களை ஆராயும் பகுப்பாய்வாளர்களும் இப்போது வீரர்களுக்கு நேரடியாகக் கற்பிக்க முடிகிறது. ஆனாலும், வளாகத்துக்கு வெளியே சென்று பள்ளிகளிலிருந்து வீரர்களைத் திரட்டுவோரின் எண்ணிக்கைக்குக் கட்டுப்பாடு நீடிக்கிறது. ஆகவே, பள்ளிப் பயிற்சியாளர்களின் நம்பிக்கையைப் பெற்றவருக்குத் தனி மதிப்பு உண்டு.

புதிதாக ஒருவர் வரும்போது நான் முதலில் கவனிப்பது, முன்னால் நின்று எதிராளிகளைத் தடுக்கும் தாக்குதல் வரிசையைத்தான். பந்து நகர்ந்த கணத்தில் ஐந்து வீரர்களின் முதல் அடியும் ஒருசேர விழுகிறதா, எதிராளியின் மார்பில் கைகள் உட்புறமாகப் பதிகின்றனவா என்பதிலேயே அவருடைய உழைப்பு வெளிப்பட்டுவிடும்.