நருசே படத்துல வர்ற அவுட்ஸ்டாண்டிங்

ஹோட்டல்ல பாங்க்வெட் சேல்ஸ்ல, அதாவது பார்ட்டி ஹால் புக் பண்ணிக் குடுக்கற வேலையில இருந்த காலத்துல பார்த்த படம், மிக்கியோ நருசேவோட 'வென் எ வுமன் அசெண்ட்ஸ் த ஸ்டேர்ஸ்', 1960ல வந்த ஜப்பான் படம். டோக்கியோ கின்ஸாவுல ஒரு பார், கஸ்டமர் பக்கத்துல உக்காந்து பேசி ஊத்திக் குடுக்கற பொண்ணுங்களுக்கு ஹெட்டா இருக்கற கெய்கோ, சின்ன வயசுலயே புருஷனை இழந்தவ. பார் பொண்ணுங்க கதைன்னதும் நம்மாளுங்க வேற எதையோ நினைச்சுட்டு உக்காருவாங்க, ஆனா படம் பூரா ஓடுறது கணக்கு வழக்குதான்.

பெரிய மனுஷங்க கடன்ல குடிச்சுட்டுப் போயிடறாங்க, எங்க பாஷையில அந்த வராத பாக்கிதான் அவுட்ஸ்டாண்டிங், பகல்ல அவங்க ஆபீஸ் ஆபீஸா ஏறி இறங்கி வசூல் பண்றது இவ வேலை. எங்களுக்கும் அப்படித்தான், கம்பெனி பார்ட்டிக்கு ஹால் புக் பண்ணிக் குடுத்தது நானாச்சே, பேமெண்ட் வரலைன்னா அக்கவுண்ட்ஸ்ல இருந்து எனக்குத்தான் ஃபோன், பாக்கி கேக்கற அதே குரல்லயே அடுத்த புக்கிங்கும் கேக்கணும், கொஞ்சம் காரம் ஏறினா பார்ட்டி வேற ஹோட்டலுக்குப் போயிடும். புடவை எல்லாம் சொந்தக் காசு வேற. கெய்கோ கிமோனோவுக்கும் வாடகைக்கும் செலவழிக்கறதப் பார்த்து வீட்டுல முணுமுணுப்பாங்க, ஆடம்பரமாம்! அது தொழில் செலவுன்னு வீட்டுக்குப் புரிய வைக்கவே முடியாது. (அந்தப் படத்துக்கு உடை பார்த்ததும் ஹீரோயின் ஹிதேகோ தகாமினேதான், அதான் அவ்வளவு பொருத்தம்.)

கெய்கோ வயித்துப் புண்ணு வந்து படுத்தப்போ பார் ஓனரம்மா பார்க்க வர்றாங்க, நலம் விசாரிச்ச கையோட பேச்சு காசுப் பக்கம் திரும்பிடுது. அந்த சீன்ல நான் சத்தமாவே சிரிச்சுட்டேன்.

பார் மேனேஜர் கொமாட்சு இன்னொரு ரகம், அவளை தெய்வம் மாதிரி வெச்சிருப்பான், ஒரு ராத்திரி அவ ஒரு பேங்க்காரனோட இருந்தான்னு தெரிஞ்சதும் கன்னத்துல அறைவான், அப்புறம் கல்யாணம் பண்ணிக்கலாமாங்கறான். இந்த மாதிரி மரியாதை குடுக்கற ஆளுங்களை ஆபீஸ்ல பார்த்திருக்கேன், தள்ளி நிக்கறது நல்லது.

அந்த பேங்க்காரன் இவளுக்குன்னு ஷேர் பத்திரம் விட்டுட்டுப் போறான், இவ ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும் போய் அவன் பொண்டாட்டி புள்ளைங்க முன்னாடியே திருப்பிக் குடுத்துடறா. அது மட்டும் எனக்கு ஒப்பவே இல்ல. போலியோவுல கால் போன அவ அண்ணன் பையனுக்கு ஆபரேஷன் பாக்கி இருக்கு. கூட வேலை பார்த்த அக்காகிட்ட கதை சொன்னேன், "லூசா அவ, வித்து அந்தப் புள்ளைக்குப் பார்க்க வேண்டியதுதானே"ன்னாங்க, நானும் அந்தக் கட்சிதான்.