நாக்கில் வைத்த கடதாசி

பழைய மாணவர் மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி செயலாளர் மூன்று தடவை தொலைபேசி எடுத்துவிட்டார். விளையாட்டுப் போட்டி, பரிசளிப்பு விழா, அதிபரின் பிரம்பு எல்லாவற்றையும் எனக்கு முந்தியவர்கள் எழுதித் தீர்த்துவிட்டார்கள். எனக்கு மிச்சம் இருப்பது ஒரு துண்டுக் கடதாசிதான்.

1980களின் நடுப்பகுதி. உயர்தர வகுப்பு, விலங்கியல் ஆய்வுகூடம். எங்கள் சேர் ஒரு சின்னப் போத்தலுக்குள் இருந்து வெள்ளைக் கடதாசித் துண்டுகளை இடுக்கியால் எடுத்து ஆளுக்கு ஒன்று தந்தார். "நாக்கில வையுங்கோ. ஒருத்தரும் கதைக்கக் கூடாது."

வைத்தோம். எனக்கு ஒன்றும் தெரியவில்லை, வெறும் ஈரக் கடதாசி. பக்கத்தில் இருந்தவன் முகத்தைக் கோணிக்கொண்டு யன்னலடிக்கு ஓடினான். துப்புகிற சத்தம் கேட்டது. முன்வரிசையில் ஒருவனுக்குக் கண்ணில் தண்ணீர். நான் இன்னும் சப்பிக்கொண்டிருந்தேன்.

"கசக்கேல்லையோ?"

"இல்லை."

"பொய் சொல்லாதை. நடிக்கிறாய்."

எனக்கோ அவர்கள்தான் சேரைச் சந்தோஷப்படுத்த நடிக்கிறார்கள் என்று பட்டது. வாய்த்தர்க்கம் மேசையில் தட்டுகிற அளவுக்குப் போனது. சேர் அதை நிற்பாட்டவில்லை. கைகட்டிப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, கைகளை எண்ணினார். இருபத்தெட்டுப் பேரில் இருபது பேருக்குக் கசப்பு, எட்டுப் பேருக்கு ஒன்றுமில்லை. அப்புறம்தான் கதையைச் சொன்னார்.

1931இல் அமெரிக்காவில் டூபோன்ட் கொம்பனியின் ஆய்வுகூடத்தில் ஆர்தர் ஃபொக்ஸ் என்ற இரசாயனவியலாளர் ஒரு தூளைக் கொட்டும்போது அது காற்றில் பறந்தது. பக்கத்தில் வேலை செய்தவர் வாயெல்லாம் கசக்கிறது என்று முறைப்பட்டார். தூளுக்கு இன்னும் கிட்ட நின்ற ஃபொக்ஸுக்கு ஒரு ருசியும் தெரியவில்லை. இரண்டு பேரும் தூளை நாக்கிலேயே வைத்துப் பார்த்தும் வழக்குத் தீரவில்லை. பெற்றோரையும் பிள்ளைகளையும் சோதித்துப் பார்த்தபோதுதான் இந்தக் கசப்பு குடும்பவழி வருகிறது என்று தெரிந்தது. எங்களுக்குத் தந்த கடதாசியில் தோய்த்திருந்ததும் அதே பொருள்தான்.

"ஒரே கடதாசி. ஒருத்தன் ஓடுறான், ஒருத்தன் சப்புறான். சப்பினவன் ஓடினவனைப் பார்த்து நடிக்கிறான் எண்டுறான். ஒரு பொருளின்ர கசப்பிலேயே இப்படியெண்டால், கோபம், பயம், கூச்சம் எல்லாம் எப்படி இருக்கும்?"

அந்தக் கேள்விதான் என்னைப் பிடித்துக்கொண்டது. காரணமான பரம்பரையலகு (இப்போது எல்லோரும் மரபணு என்கிறார்கள், எனக்கு இன்னும் வாயில் வருவதில்லை) 2003இல்தான் அகப்பட்டது. ஏழாம் நிறமூர்த்தத்தில் (குரோமோசோம்) இருக்கிறது. நாக்கில் கசப்பைப் பிடிக்கிற ஒரு புரதத்துக்கான செய்முறை அதில் எழுதியிருக்கிறது. எழுத்தில் மூன்று இடங்கள் வேறுபட்டால் புரதத்தின் வடிவம் மாறிவிடும். அந்தக் கசப்பு அதில் போய்ப் பொருந்தாது. அம்மாவிடம் இருந்தும் அப்பாவிடம் இருந்தும் எனக்கு அந்த மாறின பிரதியே வந்திருக்க வேண்டும். நடிப்பு இல்லை என்பதற்கு இருபது வருடம் பிந்திச் சாட்சி கிடைத்தது.

அதே வருடம் இன்னொரு சம்பவம். எங்கள் வகுப்பில் ஒரு முன்கோபக்காரன் இருந்தான். யன்னலடிக்கு ஓடினவனும் அவன்தான். கை முந்தும், வாய் பிந்தும். அவனுடைய தேர்ச்சி அறிக்கையில் வேறொரு ஆசிரியர் 'பிறவிக் குணம், திருந்த இடமில்லை' என்று எழுதிவிட்டார். அவன் அதைக் கொண்டுவந்து ஆய்வுகூட மேசையில் எறிந்தான். சேர் எடுத்து வாசித்தார். ஒன்றும் சொல்லாமல் கரும்பலகையில் இரண்டு வரி எழுதினார். நூலைப் போல சேலை, தாயைப் போல பிள்ளை. அதற்குக் கீழே, தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்.

"எது சரி?"

பாதி வகுப்பு மேல்வரிக்குக் கைதூக்கியது, பாதி கீழ்வரிக்கு. இரண்டும் எங்கள் பாட்டிமார் ஒரே வாயால் சொன்னவைதான். சேர் விடை சொல்லாமல் நோர்வேக்குப் போய்விட்டார்.

1934இல் அங்கே ஒரு தாய் தன்னுடைய இரண்டு பிள்ளைகளின் புத்தி ஏன் வளரவில்லை என்று கேட்டு அஸ்பியோர்ன் ஃபொலிங் என்ற மருத்துவரிடம் போனார். பிள்ளைகளின் சிறுநீரில் அவர் பெரிக் குளோரைட் என்ற இரசாயனத்தை விட்டபோது அது பச்சையாக மாறியது. உணவுப் புரதத்தில் உள்ள பினைல்அலனின் என்ற பொருளை மாற்றுகிற நொதியம் (என்சைம்) அந்தப் பிள்ளைகளிடம் வேலை செய்யவில்லை. அது உடம்பில் தேங்கி மூளையைக் கெடுக்கிறது. முழுக்க முழுக்கப் பரம்பரை நோய். ஆனால் பிறந்த கையோடு கண்டுபிடித்து, அந்தப் பொருள் மிகக் குறைந்த உணவைக் கொடுத்து வந்தால் பிள்ளையின் மூளை கெடாமல் வளர்கிறது. 1960களில் இருந்து பல நாடுகளில் குழந்தையின் குதிக்காலில் ஒரு துளி இரத்தம் எடுத்துப் பார்ப்பதும் இதற்காகத்தான் தொடங்கியது.

"நூல் மாறேல்லை," என்றார் சேர், "சேலை மாறிப் போச்சு." அறிக்கையை மடித்து அவன் சட்டைப் பையிலேயே வைத்தார்.

நான் பின்னர் கணக்கியலுக்குப் போய்விட்டேன். இருந்தாலும் இந்த விஷயம் கண்ணில் பட்டால் விடமாட்டேன். பிரிந்து வளர்ந்த இரட்டையர்களை 1979இல் இருந்து மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்தார்கள். முதலில் வந்த, இருவருக்குமே ஜிம் என்று பெயர் வைக்கப்பட்டிருந்த இரட்டையரின் கதை பத்திரிகைகளில் வெளுத்து வாங்கியது: இருவருக்கும் முதல் மனைவி லிண்டா, இரண்டாம் மனைவி பெற்றி, நாயின் பெயர்கூட டோய். எனக்கு இதில் மதிப்பில்லை. நாய்க்குப் பெயர் வைக்கிற பரம்பரையலகு எங்கே இருக்கிறது? பெறுமதியானது அலுப்பான எண்களில்தான் இருக்கிறது. 2015இல் ஐம்பது வருட இரட்டையர் ஆய்வுகளை, 1.4 கோடிக்கும் மேற்பட்ட சோடிகளை, ஒன்றாகக் கூட்டிப் பார்த்தார்கள். மனிதருக்கிடையிலான வித்தியாசங்களில் பரம்பரையின் பங்கு சராசரியாக 49 சதவீதம்.

கணக்காளனாக ஒரு எச்சரிக்கை. இதை 'என் கோபத்தில் பாதி அப்பாவுடையது' என்று வாசிக்கக் கூடாது. அது ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசத்தின் கணக்கு, தனி ஒருவனைக் கூறுபோடுகிற கணக்கு அல்ல. கையில் ஐந்து விரல் வருவது பரம்பரையலகின் வேலை. ஆனால் விரல் குறைந்தவர்களைத் தேடிப் போனால் பெரும்பாலும் இயந்திரத்துக்குள் கையை விட்டவர்கள்தான் அகப்படுவார்கள். அந்த வித்தியாசத்தில் பரம்பரைக்குப் பங்கு கொஞ்சம்தான்.

கோபத்தைப் பற்றியும் தேடினேன், நண்பனுக்காக. 1993இல் நெதர்லாந்தில் ஒரு குடும்பம். ஆண்கள் பலர் அடிதடி, தீவைப்பு என்று போனவர்கள். மூளையில் செய்தி கடத்துகிற செரட்டோனின் போன்ற பொருட்களை உடைக்கிற ஒரு நொதியத்தின் பரம்பரையலகு அவர்களிடம் பழுது. அப்படி முழுதாகப் பழுதாவது மிக அரிது. நியூசிலாந்தின் டுனீடினில் 1972-73இல் பிறந்த ஆயிரத்துச் சொச்சம் பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்தவர்கள் 2002இல் இன்னொன்று சொன்னார்கள். அதே பரம்பரையலகின் மந்தமான வகை இருந்தவர்களில், சிறுவயதில் அடி உதைபட்டு வளர்ந்தவர்களே அதிகம் வன்முறைக்குப் போனார்கள். அப்படிப் படாதவர்களிடம் அந்த வகை இருந்தும் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. பிறகு வந்த ஆய்வுகள் சில ஒத்துப்போயின, சில போகவில்லை. மனச்சோர்வுக்குப் பெயர்போன பதினெட்டுப் பரம்பரையலகுகளை இலட்சக்கணக்கானோரிடம் 2019இல் சரிபார்த்தபோது, குருட்டாம்போக்கில் எடுத்தவற்றைவிட அவை ஒன்றும் மேலாக இல்லை. இப்போது கதை பரம்பரை எழுத்தில் உள்ள ஆயிரக்கணக்கான இடங்களுக்குப் போய்விட்டது, ஒவ்வொன்றும் உப்புக்கல் அளவு. ஒரு பரம்பரையலகு, ஒரு குணம் என்று யாராவது சொன்னால் நான் இப்போது பக்கத்தைப் புரட்டிவிடுவேன்.

சேர் காலமாகிவிட்டார். போன வருட ஒன்றுகூடலுக்கு நான் அந்தக் கடதாசியில் ஒரு கட்டு வாங்கிக்கொண்டு போனேன். முன்கோபக்காரனும் வந்திருந்தான், இப்போது பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு உளவளத் துணையாளன். பேச்சாளர்கள் பேசிக்கொண்டிருக்க, பின்வரிசையில் ஆளுக்கொன்று நாக்கில் வைத்தோம். அவன் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பி ஓடினான், அதே ஓட்டம். வாயைக் கழுவிக்கொண்டு வந்து என்னைப் பார்த்தான். நான் சப்பிக்கொண்டிருந்தேன்.

"இப்பவும் நடிக்கிறாய்," என்றான்.