மீன் பார்க்கப் போகாத டைவ்

ஸ்கூபா டைவிங்கின் தொடக்கநிலைச் சான்றான ஓபன் வாட்டர் கார்டு கைக்கு வந்து நாலு மாதம் கழித்து, புதுச்சேரியிலிருந்து படகில் போய் இறங்கினேன். அன்று கடல் நன்றாகவே தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தது. 12 மீட்டரில் மாஸ்க்குக்குள் தண்ணீர் புகுந்தது. மேல் விளிம்பை அழுத்திப் பிடித்து மூக்கால் ஊதினால் போதும், நீச்சல் குளத்தில் எத்தனையோ தடவை செய்த வேலைதான். ஆனால் அந்தக் கலங்கலில், கீழே தரையும் தெரியாமல் மேலே வெளிச்சமும் சரியாகத் தெரியாமல், ஊதுவதற்குப் பதில் மூக்கால் இழுத்துவிட்டேன். கூட வந்த வழிகாட்டி, டைவ் மாஸ்டர், என் பிசிடியை (காற்றடைத்து மிதப்பைச் சரிசெய்யும் மேலங்கி) பிடித்து நிறுத்தி, நான் ரெகுலேட்டரில் (சிலிண்டர் காற்றை வாய்க்குத் தரும் கருவி) ஒழுங்காக மூச்சு விடும்வரை விடவே இல்லை. அப்புறம் இருவரும் மெதுவாக மேலே வந்தோம்.

குளத்துக்கும் திறந்த கடலுக்கும் நடுவில் ஒரு படி இருக்கிறது, நான் அதில் கால் வைக்காமலே தாண்டியிருக்கிறேன் என்பது அன்றுதான் புரிந்தது. குளத்தில் நீரோட்டம் கிடையாது, அலை கிடையாது. உப்புத் தண்ணீர் ஆளைக் கூடுதலாகத் தூக்கும், எனக்கே கடலில் மூழ்குவதற்கு 2 கிலோ ஈய எடை அதிகமாகக் கட்ட வேண்டியிருந்தது. குளத்தில் பழகியதைக் கொண்டுவந்து திரும்பப் பழக, அடங்கிய கடல் ஒன்று வேண்டும்.

அதை எங்கே தேடுவது என்பதற்குப் பதில் சொன்னவர் பாம்பனில் ஒரு மீனவ அண்ணன். ராமேஸ்வரம் பக்கம் வடக்கே பாக் நீரிணையைப் பெண் கடல் என்பார்கள், தெற்கே மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்பார்கள். அப்படியானால் எப்போதும் வடக்குதான் அமைதியா என்று கேட்டேன். "அப்படி இல்ல தம்பி. கச்சான் அடிக்கயில வடக்க போங்க. வாடை வந்துட்டா தெக்க போங்க. காத்து எந்தப் பக்கம்னு பாத்துட்டு மறுபக்கம் இறங்கணும்" என்றார். கச்சான் என்பது தென்மேற்கிலிருந்து வரும் காற்று, வாடை வடகிழக்கிலிருந்து வருவது. காற்றுக்கும் நமக்கும் நடுவில் நிலம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். இலங்கையிலும் இதே கணக்கு. கச்சான் காலத்தில், மே முதல் செப்டம்பர் வரை, கிழக்குக் கரையில் திருகோணமலைப் பக்கம் அடங்கிக் கிடக்கும். அப்போது தென்கரையில் உனவட்டுன கொந்தளிக்கும். நவம்பருக்கு மேல் அப்படியே தலைகீழ்.

அலை இல்லை என்பதற்காக மட்டும் ஒரு இடத்தை நம்பிவிடாதீர்கள். மீன்பிடித் துறைமுகத்துக்குள் தண்ணீர் அசையாது, ஆனால் தலைக்கு மேல் படகு போகும். அந்தமானில் அலையாத்திக் காட்டு ஓடைகள் கண்ணாடி போல இருக்கும், உவர்நீர் முதலையும் இருக்கும். உள்ளூர் ஆளிடம் கேட்காமல் எங்கேயும் இறங்காதீர்கள், தனியாக ஒருபோதும் வேண்டாம்.

எனக்குச் சரியாக அமைந்தது அந்தமானில் ஹேவ்லாக் தீவின் நீமோ ரீஃப். 2018-லிருந்து அந்தத் தீவுக்கு ஸ்வராஜ் த்வீப் என்று பெயர். கரையிலிருந்தே நடந்து இறங்கலாம், அதனால் படகு ஆட்டமோ வாந்தியோ இல்லை. ஏதாவது சரியில்லை என்றால் எழுந்து நின்றுவிடும் ஆழத்திலிருந்து தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாகச் சரியும் மணல். நான் முழு சிலிண்டரையும் 4 மீட்டர் ஆழத்திலேயே செலவழித்தேன். கூட இறங்கிய டைவ் துணையிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன், இன்றைக்கு மீன் பார்க்கப் போவதில்லை என்று.

ஆழம் குறைவு என்றால் சுலபம் என்று நினைப்பவர்கள் நிறைய. மிதப்பு விஷயத்தில் அது நேர்மாறு. மேற்பரப்பிலிருந்து 10 மீட்டர் இறங்கினால் அழுத்தம் இரட்டிப்பாகி, பிசிடியில் இருக்கும் காற்றின் கன அளவு பாதியாகிவிடும். 20-லிருந்து 30 மீட்டர் போகும்போது அவ்வளவு மாற்றம் கிடையாது. ஆகவே 4 மீட்டரில் ஏறாமல் இறங்காமல் நிற்கக் கற்றுக்கொண்டால், மேலே வரும் வழியில் பாதுகாப்புக்காக நிற்கும் 5 மீட்டர் சேஃப்டி ஸ்டாப்பில் மூன்று நிமிடம் நிற்பது தானாக வரும்.

அந்த மணலில் ஒரு வளை இருந்தது. வாசலில் விரல் நீள உளுவை மீன் ஒன்று காவல் இருக்க, உள்ளிருந்து ஒரு சின்ன இறால் மணலை வாரி வாரி வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. நான் தொப்பென்று இறங்கியதும் இரண்டும் உள்ளே போய்விட்டன. மூச்சை இழுத்தால் ஒரு சாண் மேலே, விட்டால் ஒரு சாண் கீழே, கை கால் அசைக்காமல் அப்படியே கிடந்தேன். சில நிமிடம் கழித்து உளுவையின் தலை தெரிந்தது, பின்னாலேயே இறால், மறுபடி மணல் வாரும் வேலை. அப்போது மாஸ்க்கில் கொஞ்சம் தண்ணீர் விட்டு ஊதி வெளியேற்றினேன். உளுவை ஓடவில்லை. இன்னொரு தடவை, இந்த முறை முழுதாக நிரப்பி. அப்போதும் அது வாசலிலேயே இருந்தது. புதுச்சேரியில் எனக்கு வராமல் போன நிதானம் அங்கே வந்தது, அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

பழகுவதை மணல் மேலேயே வைத்துக்கொள்ளுங்கள். கட்டுப்பாடில்லாத ஒரு ஃபின் உதை, வருஷக்கணக்கில் வளர்ந்த பவளத்தை ஒரு நொடியில் ஒடித்துவிடும்.

வரும் ஜூனில், கச்சான் காலத்தில், திருகோணமலைப் பக்கத்து நிலாவெளிக்குப் போகிறேன். எதிரிலேயே புறாத் தீவு, சுற்றிலும் பவளப் பார்கள், அதாவது பவளத் திட்டுகள். முதல் இரண்டு சிலிண்டர் மணலுக்கு. மூன்றாவதுதான் பவளப் பாருக்கு.