வரிக் காலத்தில் ஸ்வெட்டரும் கான்ட்ராவும்

மார்ச் 3, செவ்வாய்

வரிக் கணக்கு வேலை கழுத்துவரை. அமெரிக்காவில் ஏப்ரல் 15 கெடு. அதுவரை எங்கள் அலுவலகத்தில் சனிக்கிழமையும் வேலைதான். இதற்கு நடுவில் 28ஆம் தேதி இரவு கான்ட்ரா நடனத்துக்குக் குரல் கொடுக்க வரமுடியுமா என்று கேட்டார்கள். வரிசையாக நின்று ஜோடி ஜோடியாக ஆடும் நாட்டார் நடனம் அது; அடுத்து என்ன ஆட வேண்டும் என்று மைக்கில் சொல்வதுதான் குரல் கொடுப்பது. காலண்டரைப் பார்த்தேன். பார்த்த பிறகும் சரி என்றேன்.

மார்ச் 9, திங்கள்

பாஸ்டனுக்குப் போய்வரும் ஃபிட்ச்பர்க் லைன் ரயிலில் உட்கார இடம் கிடைத்தால் கைக்கு ஸ்வெட்டர், வாய்க்கு நடனம். ஸ்வெட்டர் தம்பி மகளுக்கு. பின்னல் ஆசிரியை எலிசபெத் சிம்மர்மன் சொல்லிக்கொடுத்த சதவீதக் கணக்கில் பின்னுகிறேன். ஆடிட் வேலை பார்ப்பவளுக்கு இதைவிட என்ன வேண்டும்? மார்புச் சுற்று 28 அங்குலம், அங்குலத்துக்கு 5 கண்ணி, ஆக 140. அதுதான் நூறு சதவீதம். மணிக்கட்டுக்கு 20 சதவீதம், 28 கண்ணி. மேல்கைக்கு 33, அதாவது 46. வட்ட ஊசியில் உடல் பகுதி சுற்றிச் சுற்றிப் போகும், பார்க்கவே வேண்டாம். அந்த நேரத்தில் நடனத்தை முணுமுணுத்து மனப்பாடம் செய்யலாம். பக்கத்து சீட்டுக்காரர் நான் ஜெபிக்கிறேன் என்றே நினைத்திருப்பார். கேபிள் என்னும் முறுக்குப் பின்னல் போட்ட சாக்ஸ் மட்டும் ஞாயிற்றுக்கிழமைக்கு. அதற்கு முழுத் தலையும் வேண்டும்.

மார்ச் 17, செவ்வாய்

வீடு வர இரவு பத்து. ரயிலிலும் லேப்டாப்தான்.

மார்ச் 22, ஞாயிறு

மதுரையிலிருந்து அம்மா. "ஆடறது அவங்க. வாசிக்கிறது வேற ஆளுங்க. அப்ப நீ என்னடி பண்றே? கும்மியில ஒருத்தி எடுத்துக் குடுப்பாளே, அதுவா?"

பாதி அதுதான். இரண்டு நீள வரிசை, எதிரெதிரே. மெட்டு 64 தாள அடி, பதினாறு பதினாறாக நான்கு துண்டு. ஒரு சுற்று முடிந்ததும் ஒவ்வொரு ஜோடியும் ஓரிடம் நகரும், புது ஜோடியோடு அதே ஆட்டம் மறுபடி. நான் சொல்வது அடிக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும். 'ஸ்விங்' (ஜோடியாகச் சுழல்வது) முதல் அடியில் தொடங்கணும் என்றால், முந்தைய துண்டின் கடைசி நாலு அடிக்குள் அதைச் சொல்லி முடித்திருக்கணும்.

"சமையல்ல கடுகு வெடிக்கிறதுக்குள்ள வெங்காயம் நறுக்கி வைக்கிற மாதிரி" என்றாள் அம்மா. அவ்வளவுதான்.

மார்ச் 29, ஞாயிறு

நேற்று ஆபீஸிலிருந்து நேரே ஹாலுக்கு. பாதிப் பேர் புதியவர்கள். இப்போது இங்கே பல இடங்களில் ஆண், பெண் என்று சொல்வதில்லை. இடப்பக்கம் நிற்பவர் லார்க், வலப்பக்கம் ராபின், யாரும் எதுவாகவும் ஆடலாம். சொல்லித்தர இதுவே சுலபம். நான்கு பேர் தோளுரசி ஊடே ஊடே போகும் 'ஹே'தான் வழக்கம்போலச் சிக்கியது. மூன்றாவது தடவை நடத்திக் காட்டச் சொன்னார்கள், மறுத்துவிட்டேன். இரண்டு தடவைக்கு மேல் இசையில்லாமல் நடத்தினால் கால் ஆறிப்போகும். பிடில் ஆரம்பித்ததும் பாதிச் சிக்கல் தானாகவே தீர்ந்தது.

முதல் மூன்று சுற்று முழுதாகச் சொன்னேன். பிறகு ஒற்றை வார்த்தை. பிறகு வாயை மூடிக்கொண்டேன். அறுபது எழுபது பேர் ஒன்றாகத் திரும்புகிறார்கள், நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்கிறேன். இதற்காகத்தான் இத்தனை பாடும். முடிக்க வேண்டிய நேரத்தில் பியானோக்காரருக்கு மூன்று விரல் காட்டினேன்: இன்னும் மூன்று சுற்று.

ஏப்ரல் 11, சனி

நியூ ஹாம்ப்ஷயரின் ரால்ஃப் பேஜ் நடனத்துக்குக் குரல் கொடுப்பதையே பிழைப்பாக வைத்துக்கொண்டவர். கொடுத்துவைத்தவர். என் மேஜையில் இன்னும் பதினோரு கோப்பு.

ஏப்ரல் 16, வியாழன்

பகல் பதினொன்று வரை தூக்கம். சாயங்காலம் ஸ்வெட்டரின் இரண்டு கைகளையும் உடலோடு சேர்த்து ஒரே ஊசியில் ஏற்றியாயிற்று. பாஸ்டனில் குளிர் போய்விட்டது, இனி யார் ஸ்வெட்டர் போடப்போகிறார்கள் என்று இவர் கேட்கிறார். நீளம் ஒன்றரை அங்குலம் கூடுதலாகவே விட்டிருக்கிறேன்; நவம்பருக்குள் பிள்ளை வளர்ந்துவிடுவாள். மே மாத நடனத்துக்கும் கேட்டிருக்கிறார்கள்.