மில்லிசெகண்ட் கணக்கு: ஆன்லைன் கேம் நாட்குறிப்பு

2012 ஆகஸ்ட் 12

கவுன்டர் ஸ்ட்ரைக் 1.6, துப்பாக்கிச் சண்டை கேம். 'லேக் அடிக்குது' (ஆட்டம் தாமதித்துத் திக்குகிறது) என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் ஒன்றும் சரியாகாது. கன்சோலில் நெட்கிராஃப் 3 போட்டுவிட்டு, திரையின் அடியில் வரும் லாஸ், சோக் இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். லாஸ் ஏறினால் பாக்கெட் வழியில் தொலைகிறது. லைனைத்தான் கவனிக்க வேண்டும். சோக் ஏறினால் லைன் நன்றாக இருக்கிறது, நாம் வைத்த ரேட் (சர்வரிடமிருந்து டேட்டா வரும் வேகத்துக்கான வரம்பு) போதவில்லை. சர்வர் அனுப்பத் தயாராக இருந்தும் வரம்பு இடிக்கிறது.

ரேட்டின் அலகு பைட். 25000 என்றால் வினாடிக்கு 25,000 பைட், அதாவது 200 கேபிபிஎஸ். இது உச்சவரம்புதான். எல்லோரும் ஒரே இடத்தில் மோதி, கிரனேடும் வெடிக்கும்போது மட்டுமே அதை நெருங்கும். 256 கேபிபிஎஸ் இணைப்பில் அந்த நேரத்தில் முக்கால் பங்குக்கு மேல் கேமே எடுத்துக்கொள்ளும். வீட்டில் இன்னொருவர் டவுன்லோடு போட்டால் போச்சு. 512 இருந்தால் தைரியமாக 25000 வைக்கலாம்.

அப்டேட்ரேட் வந்தபடியே விட்டால் 20. அதாவது வினாடிக்கு 20 முறைதான் சர்வரிடமிருந்து எதிராளியின் இடம் தெரியவரும். அதை 101 ஆக்கு என்று எல்லோரும் சொல்கிறார்கள், ஆனால் சர்வர் பக்கத்து உச்சவரம்பு 30 என்று இருந்தால் நாம் 101 போட்டு ஒரு பயனும் இல்லை. நல்ல சர்வர்களில் அது 100 இருக்கும். இரண்டு அப்டேட்டுக்கு நடுவிலான அசைவைத் திரையில் நிரப்பும் இன்டர்ப் மதிப்பையும் சேர்த்தே மாற்ற வேண்டும்: அப்டேட்ரேட் 101 என்றால் 0.01 வினாடி. அப்டேட்ரேட்டை 20-இலேயே விட்டு இன்டர்ப்பை மட்டும் 0.01 ஆக்கினால் கேம் அதை ஏற்காது, 50 மில்லிசெகண்டுக்கு உயர்த்திவிட்டதாகக் கன்சோலில் ஒரு வரி வரும். அந்த வரியை யாரும் படிப்பதில்லை.

சுட்டது பட்டதா என்பதைத் தீர்மானிப்பது சர்வர்தான். நாம் சுட்ட நொடியில் நம் திரையில் எதிராளி எங்கே தெரிந்தார் என்று காலத்தைப் பின்னுக்கு ஓட்டிப் பார்த்துத்தான் அது முடிவு சொல்கிறது. இந்த முறையை வால்வ் நிறுவனத்தின் யான் பெர்னியர் 2001-இல் விளக்கி எழுதியிருக்கிறார். சுவருக்குப் பின்னால் ஒளிந்த பிறகும் ஏன் செத்தோம் என்பதற்கு விடை இதில் இருக்கிறது: சுட்டவரின் திரையில் நாம் இன்னும் ஒளியவில்லை.

லாஸ் பிரச்சினைக்கு முதல் சோதனை மோடத்தில் இல்லை, டெலிபோன் ஒயரில். ஸ்ப்ளிட்டருக்கு (போன் பேச்சையும் இணையத்தையும் பிரிக்கும் சின்னப் பெட்டி) முன்பாகவே ஒயரைப் பிரித்து இன்னோர் அறையில் எக்ஸ்டென்ஷன் போன் வைத்திருந்தால், அந்த போன் மணி அடிக்கும்போதெல்லாம் இணைப்பு அறுபடும். ஸ்ப்ளிட்டர்தான் வீட்டுக்குள் வரும் முதல் இணைப்பாக இருக்க வேண்டும். பிறகு பிரவுசரில் மோடத்தின் செட்டிங் பக்கத்தைத் திறந்து எஸ்என்ஆர் மார்ஜினைப் (இரைச்சலை மீறி சிக்னலுக்கு மிஞ்சும் இடைவெளி) பார்க்கலாம். அது 6 டெசிபலுக்குக் கீழே இருந்தால் மழை நாளில் நிச்சயம் விழும்.

2014 பிப்ரவரி 1

ஈவ் ஆன்லைன் என்ற விண்வெளிக் கேமில் பி-ஆர்5ஆர்பி என்ற நட்சத்திர மண்டலத்தில் ஜனவரி 27 அன்று தொடங்கிய சண்டை 21 மணி நேரம் ஓடி முடிந்திருக்கிறது. கேமின் மிகப் பெரிய கப்பல் வகையான டைட்டன்களில் 75 அழிந்தன. மூலகாரணம் ஒரு கட்டண பாக்கி. மண்டல உரிமைக்கான தொகை உரிய நேரத்தில் கட்டப்படாமல் உரிமை கைவிட்டுப் போக, எதிரணி உள்ளே நுழைந்துவிட்டது.

எனக்கு வியப்பு அழிந்த கப்பல்களின் விலையில் இல்லை, சர்வர் விழாமல் நின்றதில்தான். ஈவின் சர்வர் வினாடிக்கு ஒரே ஒரு முறைதான் கணக்குப் போடுகிறது. ஒரு மண்டலம் முழுவதும் ஒரே பிராசஸில் ஓடுவதால் கூட்டம் கூடினால் வேலையைப் பல சிபியுவுக்குப் பிரித்துக் கொடுக்க வழியில்லை. முன்பெல்லாம் கட்டளைகள் வரிசையில் தேங்கும், துப்பாக்கியை அணைத்தால் அணையாது, யாருடைய கட்டளை முதலில் நிறைவேறும் என்பது அதிர்ஷ்டம். 2012 முதல் 'டைம் டைலேஷன்' வந்துவிட்டது: சுமை ஏறினால் காலத்தையே மெதுவாக்குவார்கள், அதிகபட்சம் பத்தில் ஒரு பங்கு வரை. கேமின் ஒரு வினாடி நமக்குப் பத்து வினாடி.

இதன் விளைவைக் கணக்குப் போட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும். டிரெட்நாட் என்ற பெரிய போர்க்கப்பலை சீஜ் (ஒரே இடத்தில் நின்று தாக்கும் நிலை) பட்டனால் பூட்டினால் ஒரு சுழற்சி 5 நிமிடம். அதுவரை நகரவும் முடியாது, வேறு மண்டலத்துக்குத் தாவவும் முடியாது. 10 சதவீத வேகத்தில் அது 50 நிமிடம். வேலைக்குப் போக வேண்டியவர் சீஜ் பட்டனைத் தொடும் முன் கடிகாரத்தைப் பார்ப்பது நல்லது. ஆனாலும் என் கட்சி டைம் டைலேஷன் பக்கம்தான். எல்லோருக்கும் ஒரே மாதிரி மெதுவாக ஓடும் சண்டையில் திட்டத்துக்கு மதிப்பு இருக்கிறது.

2018 ஜூன் 10

டோட்டா 2, ஐந்து பேர் கொண்ட இரு அணிகள் மோதும் கேம். ஆட்டம் தேடும்போது எந்தப் பகுதியைத் தேர்வு செய்வது? இந்தியா, தென்கிழக்கு ஆசியா இரண்டு மட்டும் போதும். வால்வின் கேம்களுக்கு இங்கே சென்னையிலும் மும்பையிலும் நுழைவுப் புள்ளிகள் உண்டு. விமான நிலையக் குறியீடுகளே அவற்றின் பெயர்: எம்ஏஏ, பிஓஎம்.

சிங்கப்பூர் பிங் (டேட்டா போய்த் திரும்பும் நேரம், மில்லிசெகண்டில்) எவ்வளவு வர வேண்டும் என்பதை முன்கூட்டியே கணிக்கலாம். கண்ணாடி இழையில் ஒளி மில்லிசெகண்டுக்கு 200 கிலோமீட்டர் போகும். சென்னை–சிங்கப்பூர் கடலடிக் கேபிள் ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர். போக 16, வர 16, ஆக 32. அதற்குக் கீழே யாராலும் கொண்டுவர முடியாது. 'பிங் குறைக்கும் ஆப்' விற்பவர்களாலும் முடியாது. சென்னையில் இருந்துகொண்டு 40 வந்தால் நல்ல பாதை. 90 வந்தால் டேட்டா மும்பை வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறது. டேட்டா போகும் வழியை நிறுத்தம் நிறுத்தமாகக் காட்டும் டிரேஸ்ரூட் கட்டளையைப் போட்டுப் பார்த்தால் எந்த நிறுத்தத்தில் எண் திடீரென்று குதிக்கிறது என்பது தெரியும். ரவுட்டர் பெயரிலேயே பெரும்பாலும் ஊர்க் குறியீடு இருக்கும். அந்தப் பட்டியலைப் படம் எடுத்து இணைப்பு தருபவருக்கு அனுப்பினால் சில சமயம் பாதையை மாற்றித் தருவார்கள். வெறுமனே 'நெட் ஸ்லோ' என்று புகார் கொடுத்தால் மோடத்தை அணைத்துப் போடச் சொல்வதோடு சரி.

கரன்ட் அடிக்கடி போகும் ஊர்க்காரர்களுக்கு: இணைப்பு அறுந்து 5 நிமிடத்துக்குள் திரும்பாவிட்டால் ஆட்டத்தைக் கைவிட்டதாகப் பதிவாகும். கம்ப்யூட்டருக்கு மட்டும் யுபிஎஸ் வைத்துவிட்டு ரவுட்டரை வெளியே விட்டுவிடுகிறார்கள். ரவுட்டருக்கு 12 வோல்ட் சின்ன யுபிஎஸ் ஒன்று போதும்.

2019 மார்ச் 24

பப்ஜி மொபைல். எரங்கல் வரைபடம் 8க்கு 8 கிலோமீட்டர், ஆகவே தூரத்துச் சண்டைதான் அதிகம். தூரத்தில் குறி தவறுவதற்கு லேக்கைத் திட்டுவதற்கு முன், குண்டு போய்ச் சேர எடுக்கும் நேரத்தைக் கணக்கிடுங்கள். கார்98 ரைஃபிள் குண்டின் வேகம் வினாடிக்கு 760 மீட்டர். 300 மீட்டர் தூரத்துக்கு 0.4 வினாடி ஆகும். குறுக்கே ஓடுபவர் வினாடிக்கு 6 மீட்டர் ஓடினால் அதற்குள் 2.4 மீட்டர் நகர்ந்திருப்பார். அவ்வளவு முன்னால் குறிவைக்க வேண்டும், குண்டு கீழிறங்குவது தனி.

காலடிச் சத்தம் கேட்டு ஆடுபவர்கள் ப்ளூடூத் இயர்போனை விட்டுவிடலாம். சாதாரண ப்ளூடூத்தில் ஒலி 150 முதல் 250 மில்லிசெகண்ட் தாமதமாகக் காதுக்கு வரும். போதாக்குறைக்கு அதுவும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையும் ஒரே அலைவரிசையில் இடித்துக்கொள்ளும். ஒயர் இயர்போன், 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை என்று மாற்றுங்கள். பிங் நேராக ஓடி, இடையிடையே ஒரே சீராக ஊசி மாதிரி ஏறி இறங்கினால், போன் பின்னணியில் வேறு வைஃபைகளைத் தேடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். லொகேஷன் பகுதிக்குள் வைஃபை ஸ்கேனிங் என்று இருக்கும், அதை அணைக்க வேண்டும்.

போன் சூடேறினால் சிப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பலர் லேக் என்று நினைப்பது இந்த ஃபிரேம் குறைவைத்தான். பிங் எண் பச்சையிலேயே இருக்க, திரை மட்டும் திக்கித் திக்கி ஓடினால் குற்றவாளி சூடு. கவரைக் கழற்றி, வெளிச்சத்தைக் குறைத்து, சார்ஜ் போடாமல் ஆடிப் பாருங்கள்.

2020 செப்டம்பர் 3

நேற்று மத்திய அரசு 118 ஆப்களுக்குத் தடை விதித்தது, பப்ஜி மொபைலும் அதில் ஒன்று. இப்போதைக்குச் செய்ய வேண்டியது: எந்த கேமிலும் கெஸ்ட் கணக்கில் ஆடாதீர்கள். கெஸ்ட் கணக்கு அந்த போனோடு கட்டுண்டது. போன் போனாலோ ஆப் போனாலோ வாங்கிய பொருளெல்லாம் போகும்.

2020 நவம்பர் 15

வலோரன்ட், இதுவும் துப்பாக்கிச் சண்டை கேம். பிங் குறைவாக இருந்தும், மூலையைக் காத்து நிற்பவர் ஏன் தோற்கிறார்? கேமின் சர்வர் வினாடிக்கு 128 முறை கணக்கிடுகிறது, ஒரு டிக் 7.8 மில்லிசெகண்ட். இருவருக்கும் பிங் 40 என்று வைத்துக்கொள்வோம். வெளியே பாய்பவரின் நகர்வு சர்வரை எட்ட 20, சர்வரில் ஒரு டிக் 8, காத்திருப்பவரை எட்ட 20, அவர் கம்ப்யூட்டர் திரையைச் சீராக்கப் பிடித்துவைப்பது இன்னொரு 8. ஆக மொத்தம் 56. பாய்பவருக்கோ தன் நகர்வு தன் திரையில் உடனே தெரிகிறது, அசையாமல் நிற்கும் எதிராளியும் அங்கேயே இருக்கிறார். துப்பாக்கியோடு ஓடும் வேகம் வினாடிக்கு 5.4 மீட்டர். 56 மில்லிசெகண்டில் 30 சென்டிமீட்டர், அதாவது ஒரு தலை அகலத்துக்கு மேல். காப்பவரின் பிங் 80 ஆனால் அது 41 சென்டிமீட்டர்.

ஆகவே கிராஸ்ஹேரை (திரை நடுவில் உள்ள குறிப் புள்ளி) சுவர் விளிம்பில் ஒட்டி வைக்கக் கூடாது. விளிம்பிலிருந்து ஓர் உடல் அகலம் தள்ளி, வெட்டவெளியில் வைக்க வேண்டும். எதிராளி தெரிந்து கை சொடுக்குவதற்குள் அவர் அங்கே வந்திருப்பார். இன்னொன்று, மூலையை உரசிக்கொண்டு நிற்காதீர்கள். மூலைக்கு அருகில் இருப்பவரின் தோள், அவர் கண்ணுக்கு முன்னால் வெளியே தெரிந்துவிடும்; தள்ளி நிற்பவர்தான் முதலில் பார்ப்பார். இது வெறும் ஜியோமெட்ரி, நெட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஒரு குண்டு சுட்டதும் இடம் மாறிவிட வேண்டும்.

செட்டிங்கில் நெட்வொர்க் பஃபரிங் என்பது மினிமமிலேயே இருக்கட்டும். பாக்கெட் லாஸ் நிஜமாகவே இருந்தால் மட்டும் மாடரேட். ஏற்றினால் திரை சீராகும், ஆனால் பார்ப்பது இன்னும் பழைய காட்சியாக இருக்கும்.

2021 டிசம்பர் 5

மைன்கிராஃப்ட் 1.18 வந்து சில நாள்தான் ஆகிறது, நண்பர்களுக்காக சொந்த சர்வர் ஓட்டுபவர்கள் திணறுகிறார்கள். காரணம் எளிது: உலகத்தின் உயரம் 256 கட்டையிலிருந்து 384 ஆகிவிட்டது, ஒவ்வொரு சங்க்கும் (உலகத்தைப் பிரித்த 16க்கு 16 கட்டைத் துண்டு) ஒன்றரை மடங்கு. ஜாவா 17 இல்லாமல் சர்வர் கிளம்பவே கிளம்பாது.

சர்வர் வினாடிக்கு 20 டிக், ஒரு டிக்குக்கு 50 மில்லிசெகண்ட். வேலை அதற்குள் முடியாவிட்டால் மாடு மெதுவாக நடக்கும், உடைத்த கட்டை திரும்ப முளைக்கும். முதலில் தொட வேண்டியது இந்தப் பதிப்பில் புதிதாக வந்த சிமுலேஷன் டிஸ்டன்ஸ், அதாவது ஆட்டக்காரரைச் சுற்றி எவ்வளவு தூரம் உலகம் இயங்க வேண்டும் என்ற அளவு. 10 என்றால் ஒருவரைச் சுற்றி 21க்கு 21, அதாவது 441 சங்க் உயிரோடு இயங்கும். 6 ஆக்கினால் 13க்கு 13, வெறும் 169. கண்ணுக்குத் தெரியும் தூரமான வியூ டிஸ்டன்ஸை 8 அல்லது 10-இலேயே விட்டால் கண்ணுக்கு ஒன்றும் குறையாது.

அடுத்தது புது நிலம். எலிட்ரா என்ற சிறகைக் கட்டிக்கொண்டு ஒருவர் பறந்தால் சர்வர் வரிசையாகப் புது சங்க் உருவாக்க வேண்டியிருக்கும், மற்ற எல்லோருக்கும் ஆட்டம் நிற்கும். பேப்பர் என்ற சர்வர் மென்பொருளில் சங்கி என்ற பிளகினைப் போட்டு, ஆரம் 2,000 கட்டைக்கு முன்கூட்டியே உருவாக்கிவிடலாம். 62,500 சங்க் ஆகும். இரவு ஓடவிட்டுத் தூங்கலாம். பிறகு உலக எல்லையை அதே அளவுக்கு வைத்துவிடுங்கள். பொருளை உறிஞ்சிப் பெட்டியில் சேர்க்கும் ஹாப்பர் நிறைய வைத்த கிடங்கு இருந்தால் ஒவ்வொரு ஹாப்பர் தலையிலும் கம்போஸ்டர் (உரத்தொட்டி) ஒன்று வையுங்கள். மேலே விழும் பொருளைத் தேடும் வேலை அதற்கு மிச்சம்.

வீட்டு இணைப்பில் சர்வர் வைப்பதற்கு முன் ரவுட்டரின் 'WAN' முகவரியை (வெளி இணையப் பக்கத்து ஐபி முகவரி) பாருங்கள். 100.64 முதல் 100.127 வரை தொடங்கினால் உங்கள் தெருவே ஒரே முகவரியின் பின்னால் இருக்கிறது. 25565 போர்ட்டைத் திறந்து பயனில்லை. ஐபிவி6 இருந்தால் அதை முயலலாம், இல்லையேல் 4 ஜிபி ராம் உள்ள வாடகை சர்வர். வைட்லிஸ்ட்டை (அனுமதிக்கப்பட்டவர் பட்டியல்) மறக்காதீர்கள், கணக்கு நிஜமா என்று சரிபார்க்கும் ஆன்லைன்மோடை ஃபால்ஸ் ஆக்கவே ஆக்காதீர்கள். அட்மின் பெயரில் யார் வேண்டுமானாலும் நுழைந்துவிடுவார்கள். பேக்கப் எடுக்கும்போது முதலில் சேவ்ஆஃப் (தானாகச் சேமிப்பதை நிறுத்து), பிறகு சேவ்ஆல் (எல்லாவற்றையும் இப்போதே சேமி), நகல் எடுத்த பின் சேவ்ஆன். இந்த வரிசை தப்பினால் நகலில் பாதிக் கட்டடம்தான் இருக்கும்.

2022 ஜூலை 17

100 எம்பிபிஎஸ் ஃபைபர், ஆனாலும் மாலையில் பிங் 300. இதற்கு வேகம் தீர்வல்ல. கமாண்ட் பிராம்ப்டில் 8.8.8.8-க்குத் தொடர் பிங் போட்டுவிட்டு, போனிலிருந்து பெரிய வீடியோ ஒன்றை அப்லோடு செய்யுங்கள். 10 இருந்த எண் நூற்றுக்கணக்கில் ஏறினால் பஃபர் வீக்கம். ரவுட்டர் எந்தப் பாக்கெட்டையும் தூக்கிப் போடாமல் வரிசையில் நிறுத்திவைக்கிறது. 2 எம்பிபிஎஸ் அப்லோடில் 256 கேபி வரிசை நின்றால் ஒரு வினாடி ஆகும், நம் கேம் பாக்கெட் அந்த வரிசையின் வாலில்.

ஓபன்வர்ட் என்ற திறந்த மென்பொருள் ஓடும் ரவுட்டரில் வரிசையை ஒழுங்குபடுத்தும் எஸ்க்யூஎம் பேக்கேஜ் போட்டு, அதில் கேக் என்ற முறையைத் தேர்ந்தெடுத்து, அளந்த வேகத்தில் 90 சதவீதத்தை இரு பக்கமும் வரம்பாக வைத்தால் சரியாகிவிடும். வரம்பை நிஜ வேகத்துக்கு மேல் வைத்தால் வரிசை மறுபடி வெளியே போய் நிற்கும், அமைத்தும் வீண். பழைய ரவுட்டரின் சிபியு நூற்றுக்கணக்கான எம்பிபிஎஸ்ஸைத் தாங்காது. அப்படியானால் அப்லோடுக்கு மட்டும் வையுங்கள். ரவுட்டரையே மாற்ற முடியாதவர்கள் கேம் நேரத்தில் போட்டோ பேக்கப்பை நிறுத்தினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

2024 ஆகஸ்ட் 4

கவுன்டர் ஸ்ட்ரைக் 2 வந்து ஏறத்தாழ ஓராண்டு. டிக் 64-தான், ஒன்று 15.6 மில்லிசெகண்ட். ஆனால் சொடுக்கிய நேரம் இரண்டு டிக்குக்கு நடுவே எங்கே விழுந்தது என்பதும் சர்வருக்குப் போகிறது. சுட்டது சரியான நேரத்தில் கணக்காகிறது, என்றாலும் அதன் விளைவு திரைக்கு வர அடுத்த டிக் வேண்டும். கைக்குத் தட்டுப்படும் மந்தம் இதுவே.

செட்டிங்கில் பாக்கெட் லாஸை ஈடுகட்டும் பஃபரிங் உண்டு: ஒரு பாக்கெட் அல்லது இரண்டு. ஒவ்வொன்றும் 15.6 மில்லிசெகண்டைக் கூட்டும். ஒயரில் ஆடுபவர் அணைத்தே வைக்கலாம், வைஃபைக்கு ஒன்று. இரண்டு தேவைப்படுகிறது என்றால் அது செட்டிங்கில் தீர்க்கும் விஷயமல்ல, சுவரோரமாக லேன் கேபிள் இழுக்க வேண்டும்.