பழைய உலக உருண்டையில் எதைத் திருத்தலாம், எதை விட்டுவிடலாம்?

அலமாரி மேல் கிடக்கும் உலக உருண்டையில் இன்னும் சோவியத் ஒன்றியம் இருக்கிறதா? பழைய பேப்பர் கடைக்குப் போடுமுன் அதன் வயதைப் பாருங்கள். பெரும்பாலான உருண்டைகளில் ஆண்டு அச்சிட்டிருக்காது. ஆண்டு போட்டால் அடுத்த வருடம் சரக்கு தேங்கிவிடும்!

வயதைப் பிடிக்க இரண்டு கேள்விகள் போதும். அதில் ஏறியிருக்கும் மாற்றங்களில் கடைசியானது எது? ஏறாமல் விட்டவற்றில் முதலாவது எது? விடை இந்த இரண்டுக்கும் நடுவில். ஜிம்பாப்வே (முன்பு ரொடீசியா) இருந்து, மேல் வோல்டாவும் (இப்போது புர்கினா ஃபாசோ) இருந்தால் 1980–84. இந்தியச் சுவர் மேப்பில் ‘தமிழ்நாடு’ பக்கத்தில் ‘மைசூர்’ மாநிலம் இருந்தால் 1969 ஜனவரிக்கும் 1973 நவம்பருக்கும் இடைப்பட்டது. பெயரை மட்டும் நம்பினால் சறுக்கும். பர்மா 1989இல் மியான்மர் ஆன பிறகும் பல வெளிநாட்டு வரைபடங்கள் பழைய பெயரை விடவில்லை. எல்லைக் கோடு அவ்வளவு எளிதில் பொய் சொல்லாது: இரண்டு ஏமன்கள் 1990 மே வரை, இரண்டு ஜெர்மனிகள் அதே ஆண்டு அக்டோபர் வரை.

அடுத்தது, திருத்துவதா வேண்டாமா என்பது. இங்கேதான் அளவுகோலைப் பார்க்க வேண்டும். 30 செ.மீ. விட்டமுள்ள உருண்டையில் 1 செ.மீ. என்பது சுமார் 425 கி.மீ. அரை மில்லிமீட்டர் எல்லைக் கோடே 21 கி.மீ. அகலத்தை விழுங்கிவிடும். 2011இல் பிரிந்த தெற்கு சூடான் அதில் சுமார் மூன்றரை சதுர செ.மீ. தான். 2006இல் தனியான மாண்டினீக்ரோ 3 மி.மீ. பக்கமுள்ள சதுரம்கூட வராது. 2015இல் இந்தியாவும் வங்கதேசமும், ஒரு நாட்டுக்குள் மற்ற நாட்டுக்குச் சொந்தமாகக் கிடந்த 162 நிலத்திட்டுகளை மாற்றிக்கொண்டன. நாம் கொடுத்த 111 திட்டுகள் மொத்தம் 17,160 ஏக்கர். 1 செ.மீ.க்கு 40 கி.மீ. என்று போட்ட பெரிய சுவர் மேப்பிலும் அத்தனையும் சேர்ந்து 2 மி.மீ. பக்கமுள்ள சதுரத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிது. கச்சத்தீவு (285 ஏக்கர்) அதே மேப்பில் கால் மில்லிமீட்டர் புள்ளி. 1974க்கு முந்தையதா பிந்தையதா என்று அதை வைத்துச் சொல்லவே முடியாது.

சில பிழைகள் தாமாகவே சரியாகும். கஜகஸ்தான் தலைநகர் அஸ்தானா 2019இல் நூர்-சுல்தான் ஆனது, 2022இல் மறுபடி அஸ்தானா. 2018இல் அச்சிட்ட உருண்டை சும்மா இருந்தே ஜெயித்துவிட்டது.

திருத்தியே ஆக வேண்டும் என்றால், முதலில் அடித்தண்டு பக்கத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துப் பாருங்கள். ஊறினால் வெறும் காகிதம், முத்தாக நின்றால் வார்னிஷ் அல்லது பிளாஸ்டிக். காகித உருண்டை என்பது பெரும்பாலும் படகு வடிவக் கீற்றுகள் 12ஐப் பக்கம் பக்கமாக ஒட்டியது. 30 செ.மீ. உருண்டையில் ஒரு கீற்று நிலநடுக்கோட்டில் கிட்டத்தட்ட 8 செ.மீ. அகலம். ஈரத்துணியால் துடைத்தால் கீற்று ஓரம் கிளம்பும், அப்புறம் படியாது. திருத்தத்தைச் சின்னத் தாளில் வரைந்து பழையதன் மேல் ஒட்டலாம். பசைக்கு மைதா 1 பங்கு, தண்ணீர் 5 பங்கு. கட்டியில்லாமல் கிளறி, கண்ணாடி போல வரும்வரை காய்ச்சி, வடிகட்டி, ஆறவிட்டு, மெல்லிசாகத் தடவுங்கள். (பைண்டிங் கடையில் பூச்சிக்காக மயில்துத்தம் சேர்ப்பார்கள். இந்தச் சின்ன ஒட்டுக்கு அது வேண்டாம்.) வெள்ளைப் பசையைப் பின்னால் எடுக்க முடியாது, செலோடேப் சில வருடத்தில் மஞ்சளாகிக் கறையாக இறங்கும். ஒட்டுத்தாள் 3, 4 செ.மீ. வரை வளைவில் படியும். அதற்கு மேல் ஓரம் சுருங்கும், சுற்றிலும் வெட்டுவாய் போட வேண்டும்.

பல இடங்களில் ஒட்டே தேவையில்லை. சோவியத்தின் 15 குடியரசுகளும் உள் எல்லைகளின்படியே பிரிந்தன. பழைய வரைபடத்தில் அந்தக் கோடு மெல்லிசாக இருந்தால் 0.3 மி.மீ. பேனாவால் தடித்துவிடுங்கள். தெலங்கானாவுக்கு மட்டும் கவனம் வேண்டும். பழைய பத்து மாவட்ட எல்லையை அப்படியே பிடித்து வரைந்தால் தப்பு. போலவரம் அணைக்காகக் கம்மம் மாவட்டத்தின் ஏழு மண்டலங்கள் 2014இலேயே ஆந்திராவுக்குப் போய்விட்டன.

திருத்தியதைப் படமெடுத்து அச்சிட்டு விநியோகிக்க எண்ணினால், 1961ஆம் ஆண்டுக் குற்றவியல் சட்டத் திருத்தச் சட்டம் குறுக்கே நிற்கும். சர்வே ஆஃப் இந்தியா (மத்திய அரசின் நில அளவைத் துறை) வரைபடத்தோடு ஒத்துப்போகாத இந்திய வரைபடத்தை வெளியிட்டால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

லேமினேட் செய்த சுவர் மேப்பைக் காகிதக் கூழுக்கு அனுப்புவதும் லேசில்லை, பிளாஸ்டிக் படலம் பிரியாது. அதைச் சுருட்டி வைப்பதே மேல். படம் வெளிப்பக்கம் இருக்கும்படி சுருட்டினால் பிறகு தொங்கவிடும்போது கீழ் ஓரம் முன்பக்கம் சுருண்டு நிற்காது. கையால் செய்த பழைய காகித உருண்டை என்றால் பேனாவே வேண்டாம். கண்டுபிடித்த ஆண்டுகளைப் பென்சிலால் ஒரு துண்டுச் சீட்டில் எழுதித் தாங்கியின் அடியில் கட்டிவிடுங்கள்.