பிரெய்ன் டியூமர் ரிப்போர்ட்ல ஸ்டேஜ் எங்கன்னு தேடாதீங்க

நான் மெடிக்கல் கோடிங்ல இருக்கேன், ஆன்காலஜி டீம். அமெரிக்காக்காரங்க மெடிக்கல் சார்ட்டை சென்னையில உக்காந்து படிச்சு, ஒவ்வொரு நோய்க்கும் உள்ள ஐசிடி கோட் போடற வேலை. இதுல எனக்கு ரொம்ப நாளா உறுத்தற விஷயம் ஒண்ணு இருக்கு. மூளையோட முன்பகுதியான ஃபிரன்ட்டல் லோப்ல கிளியோபிளாஸ்டோமாங்கற கட்டி வந்தாலும் சி71.1, அதே இடத்துல ஆலிகோடென்ட்ரோகிளியோமாங்கற வேற வகைக் கட்டி வந்தாலும் சி71.1 தான். முதல்ல சொன்னதுல ட்ரீட்மென்ட் எல்லாம் முழுசா எடுத்தும் பாதிப் பேர் ஒன்றரை வருஷம் தாண்டறதே கஷ்டம், ரெண்டாவதுல பத்து வருஷத்துக்கு மேல இருக்கறவங்க நிறைய, ஆனா இன்ஷூரன்ஸ் க்ளெய்ம்ல போற கோடு ரெண்டுக்கும் ஒண்ணு. கட்டி எங்க இருக்குன்னு மட்டும்தான் அந்தக் கோடு சொல்லும், ஆள் எப்படி இருப்பார்ங்கறது பேத்தாலஜி ரிப்போர்ட்ல இருக்கற நீள நீளமான பேர்லதான் இருக்கு.

அந்தப் பேரெல்லாம் எங்கேர்ந்து வருதுன்னா கிளையல் செல்ஸ்லேர்ந்து. மூளைன்னாலே நமக்கு நியூரான்தான் ஞாபகம் வரும், ஆனா பெரியவங்களுக்கு நியூரான் கிட்டத்தட்ட பெருகறதே இல்ல, அதனால மூளைக்குள்ளயே பிறக்கற கட்டில பெரும்பாலானது அதுக்குத் துணையா பக்கத்துல இருக்கற கிளையல் செல்லோ அதோட முன்னோடி செல்லோ கெட்டுப்போய் வர்றதுதான், இதுக்கெல்லாம் பொதுப் பேர் கிளியோமா. 1856ல ஜெர்மனியில விர்ஷோங்கற பேத்தாலஜி டாக்டர் இந்த செல்களுக்கு நியூரோகிளியான்னு பேர் வச்சப்ப நியூரானை ஒட்டி வைக்கற பசைன்னுதான் நினைச்சார். அப்புறம் 1919, 1921 வாக்குல ஸ்பெயின்ல ரியோ ஓர்தேகாங்கற ஆராய்ச்சியாளர் வெள்ளி உப்புல சாயம் ஏத்திப் பாத்து, கிளியாவுக்குள்ளயே மைக்ரோகிளியா வேற, ஆலிகோடென்ட்ரோசைட் வேறன்னு பிரிச்சுக் காட்டினார். நியூரான் ஒண்ணுக்கு கிளியா பத்துன்னு பழைய புக்ஸ்ல போட்டிருக்கும், அதை இன்னும் ட்ரெயினிங்ல சொல்லிக்கொடுக்கறவங்க இருக்காங்க. 2009ல பிரேசில்ல எண்ணிப் பாத்தப்ப நியூரான் சுமார் 8,600 கோடி, மத்த எல்லா செல்லும் சேத்து சுமார் 8,500 கோடின்னு வந்துச்சு, அதாவது சரிக்குச் சரி.

ஆஸ்ட்ரோசைட் நட்சத்திரம் மாதிரி கை விரிச்சு ரத்தக் குழாயைப் பிடிச்சிட்டிருக்கும், அதுலேர்ந்து வந்தா ஆஸ்ட்ரோசைட்டோமா. ஆலிகோடென்ட்ரோசைட் நரம்பு இழை மேல மயலின் உறை சுத்தும், அதுலேர்ந்து ஆலிகோடென்ட்ரோகிளியோமா. மூளைக்குள்ள தண்ணி ஓடற அறைகளோட சுவர்ல இருக்கறது எபென்டைமல் செல், அதுலேர்ந்து எபென்டைமோமா. எந்த செல் மாதிரி இருக்கோ அந்தப் பேருங்கற இந்த முறையை 1926ல பெய்லி, குஷிங்ங்கற ரெண்டு அமெரிக்க டாக்டருங்க போட்டாங்க, எலும்புக்கூடு இன்னும் அதேதான். ஆலிகோ ஸ்லைடு படம் ஒரு தடவை பாத்துட்டா மறக்கவே மறக்காது, நடுவுல உருண்டையா கரு, சுத்தி வெள்ளை வளையம், அப்படியே ஆஃப்பாயில். வேடிக்கை என்னன்னா அந்த வெள்ளை வளையம் உண்மையில செல்லுல கிடையாது, ஃபார்மலின்ல ஊறி பாரஃபின் ஏறும்போது வர்ற கோளாறு, ஆபரேஷன் நடக்கும்போதே எடுத்துப் பாக்கற ஃப்ரோசன் செக்‌ஷன்ல தெரியாது.

எல்லா மூளைக் கட்டியும் கிளியோமா இல்ல, இதுல நிறைய பேர் குழம்பறாங்க. மெனிஞ்சியோமா மூளைக்கு மேல இருக்கற உறையிலேர்ந்து வர்றது, பெரும்பாலும் கிரேடு 1, எங்களுக்கு டி32.0. நுரையீரல்லேர்ந்தோ மார்பகத்துலேர்ந்தோ பரவி வந்தா அது மெட்ஸ், சி79.31, அங்க கிளியாவுக்கு சம்பந்தமே கிடையாது. அக்கூஸ்டிக் நியூரோமான்னு ஒண்ணு வரும் பாருங்க, பேர்ல ரெண்டு வார்த்தை, ரெண்டும் தப்பு. அது வர்றது கேக்கற நரம்புல இல்ல, பேலன்ஸ் நரம்புல, அதுவும் நியூரோமா இல்ல, நரம்பைச் சுத்தியிருக்கற ஷ்வான் செல்லேர்ந்து வர்ற ஷ்வானோமா. இருந்தும் டாக்டருங்களே இன்னும் அப்படித்தான் எழுதறாங்க.

சரி ஸ்டேஜுக்கு வர்றேன். எங்க பெரியம்மா ஒரு நாள் வாட்ஸப்ல தெரிஞ்சவங்க ரிப்போர்ட்டை போட்டோ எடுத்து அனுப்பிட்டு உடனே போன். “ஏன்டி, நீ மெடிக்கல்ல தானே இருக்க, ரெண்டாவது ஸ்டேஜ்னு போட்டிருக்கு, சீக்கிரமே கண்டுபிடிச்சிட்டாங்கன்னுதானே அர்த்தம்?” “பெரியம்மா, அது ஸ்டேஜ் இல்ல, கிரேடு” அப்படின்னா அவங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான். மத்த கேன்சர்ல எவ்வளவு தூரம் பரவியிருக்குன்னு பாத்து ஸ்டேஜ் போடுவாங்க, கிளியோமா மண்டையோட்டைத் தாண்டி வெளிய போறது ரொம்ப அபூர்வம், அதனால அந்தக் கணக்கே இங்க இல்ல. கிரேடுங்கறது அந்த செல்லோட சுபாவம், எவ்வளவு வேகமா பிரியுது, புது ரத்தக் குழாய் முளைச்சிருக்கா, நடுவுல செத்துப்போன திசு இருக்கான்னு பாத்துப் போடறது. கிரேடு 2 ஆஸ்ட்ரோசைட்டோமான்னா மெதுவா வளருது, ஆனா நல்ல திசுவுக்குள்ள நூல் நூலா ஊடுருவியிருக்கு, வருஷம் போகப்போக 3, 4 ஆகவும் வாய்ப்பு இருக்கு. சீக்கிரம் கண்டுபிடிச்சதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லன்னு சொன்னதும் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல, எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு.

இப்ப இன்னொரு சிக்கல் என்னன்னா, 2021ல மூளைக் கட்டிகளை வகை பிரிக்கற டபிள்யூஎச்ஓ புக்கோட அஞ்சாவது எடிஷன் வந்ததுலேர்ந்து மைக்ராஸ்கோப்பை மட்டும் பாத்து பேர் வைக்க முடியாது. பெரியவங்களுக்கு ஐடிஎச் ஜீன்ல மியூட்டேஷன் இருந்தா அது கிளியோபிளாஸ்டோமாவே இல்ல, பாக்க எவ்வளவு மோசமா இருந்தாலும் கிரேடு 4 ஆஸ்ட்ரோசைட்டோமா. ஐடிஎச் மியூட்டேஷனோட 1பி/19க்யூ, அதாவது ஒண்ணாவது குரோமோசோமோட ஒரு கையும் பத்தொன்பதாவதோட ஒரு கையும், ரெண்டும் காணாமப் போயிருந்தாத்தான் ஆலிகோடென்ட்ரோகிளியோமா. ஆலிகோஆஸ்ட்ரோசைட்டோமான்னு ரெண்டுங்கெட்டான் பேர் ஒண்ணு இருந்துச்சு, அது போயே போச்சு. கிரேடு 3க்கு அனாபிளாஸ்டிக்னு போடறதும் இல்ல, ரோமன் எண்ணும் போயி 1, 2, 3, 4ன்னு ஆயிடுச்சு. அதனால 2012ல எடுத்த ரிப்போர்ட்டையும் இப்ப எடுத்ததையும் பக்கத்துல பக்கத்துல வச்சு “பேர் மாறிடுச்சே, அப்ப முதல்ல பாத்த டாக்டர் தப்பா சொல்லிட்டாரா”ன்னு சண்டைக்குப் போகாதீங்க, மாறினது விதி.

பேருக்குக் கடைசில என்ஓஎஸ்னு மூணு எழுத்து இருந்தா மட்டும் கண்டிப்பா கவனிங்க. ஜீன் டெஸ்ட் பண்ணல, இல்லன்னா பண்ணியும் ரிசல்ட் வரலன்னு அர்த்தம். என்ஈசின்னு இருந்தா டெஸ்ட் பண்ணியாச்சு, ஆனா எந்தப் பெட்டியிலயும் அடங்கலன்னு அர்த்தம். ரெண்டே எழுத்து வித்தியாசம், நிறைய பேர் கண்ணுலயே படாது. ஐடிஎச்ங்கறது இப்ப வெறும் பேருக்கு இல்ல, மருந்துக்கும் வேணும், வோராசிடெனிப்னு ஒரு மாத்திரைக்கு 2024 ஆகஸ்ட்ல அமெரிக்க எஃப்டிஏ அனுமதி கொடுத்துச்சு, அது ஆபரேஷன் முடிஞ்ச கிரேடு 2 ஆஸ்ட்ரோசைட்டோமாவுக்கும் ஆலிகோவுக்கும், ஐடிஎச் மியூட்டேஷன் இருந்தா மட்டும். சாதாரணமா முதல்ல பண்றது ஆர்132எச்ங்கற ஐடிஎச் மாற்றத்தைக் காட்டற ஒரு சாயம், ஐடிஎச் மாற்றத்துல பத்துல ஒம்போதை அது பிடிச்சிடும். வயசு 55க்குக் கீழ இருந்து அதுல நெகட்டிவ்னு வந்தா அதோட விட்டுடாம ஜீனையே முழுசா படிச்சுப் பாக்கற சீக்வென்சிங் தேவையான்னு டாக்டர்கிட்ட கேளுங்க. செகண்ட் ஒப்பினியன் போகும்போது பேப்பரை மட்டும் கொண்டு போகாம, முதல் லேப்ல எழுதிக் கொடுத்து கட்டியோட திசுவை மெழுகுல பதிச்சு வச்சிருக்கற பாரஃபின் பிளாக்கையும் ஸ்லைடையும் வாங்கிட்டுப் போங்க, அது இருந்தா பெரும்பாலும் திரும்ப மண்டையைத் திறக்காமலே விட்டுப்போன டெஸ்டைப் பண்ணிடலாம்.